வேட்டி பழுப்பேறியது மெஷினாலா, தண்ணீராலா?

"தாம்பரம் பக்கம் வீடு. போர் தண்ணீர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஃப்ரன்ட் லோடு மெஷின் வாங்கினோம். அதிலிருந்து வீட்டுக்காரரின் வேட்டி, பையனின் யூனிஃபார்ம் சட்டை எல்லாம் பழுப்பேறிக்கொண்டே போகிறது. துண்டு அப்பளம் மாதிரி விறைக்கிறது. பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகிறது. 'கல்லில் அடித்துத் துவைத்த வெளுப்பு மெஷினில் வருமா' என்கிறார் மாமியார். ஆனால் அவர் துவைத்துப் போடும் என் ரேயான் நைட்டிகள்தான் சீக்கிரம் நைந்து கிழிகின்றன. பேசாமல் கைக்கே மாறிவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மாற வேண்டாம். முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஒரு காலி பாட்டிலில் பாதிவரை போர் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவி நாலைந்து துணுக்கு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்து அதே மாதிரி செய்யுங்கள். இரண்டாவதில் நுரை பொங்கி ஏறும். முதலாவதில் நுரை கட்டாமல், பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துகள் மிதந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

துணி பதனிடும் ஆலைகளில் நான் வேலை பார்த்த காலத்தில் காலையில் முதல் வேலை தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிப்பதுதான். சாயம், பவுடர் எல்லாம் அதற்கப்புறம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். டிடர்ஜென்ட் பவுடர் அந்த அளவுக்குத் திரியாது. ஆனாலும் அழுக்கை எடுக்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கைக் கால்சியமே பிடுங்கிக்கொள்ளும். கிளம்பிய அழுக்கு தண்ணீரோடு போகாமல் திரும்பத் துணியிலேயே உட்காரும். கூடவே சுண்ணாம்புப் படிவும் நூலுக்குள் ஏறும். துண்டு விறைப்பது அதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பரவாயில்லை என்கிறது. அந்த 600 குடிக்கச் சொன்னது, வேட்டிக்குச் சொன்னதல்ல.

அதே தண்ணீரில் மாமியார் கையால் துவைத்தால் மட்டும் ஏன் வெளுப்பாக இருக்கிறது? அதன் ரகசியம் அலசலில் இருக்கிறது. கையால் அலசுகிறவர் வாளித் தண்ணீர் தெளியும் வரை விடமாட்டார். மெஷினுக்கு ஏது கண்? எத்தனை அலசல் என்று வைத்தீர்களோ அத்தனையோடு நிறுத்திக்கொள்ளும். அதுவும் ஃப்ரன்ட் லோடு சிக்கனக்காரன், ஒரு முழு லோடையே சுமார் 50 முதல் 70 லிட்டரில் முடித்துவிடும். டாப் லோடு 100 லிட்டருக்கு மேல் இழுக்கும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இந்தச் சிக்கனம் வரம்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணிக்கு அது போதாது.

அதனால் வெள்ளைத் துணியைத் தனி லோடாகப் போட்டு, கூடுதல் அலசல் பட்டனை அழுத்துங்கள். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதீர்கள், துணி புரண்டு விழ இடம் வேண்டும். வெள்ளைக்கு லிக்விடைவிடப் பவுடரே மேல். கடினத்தன்மையைச் சமாளிக்கும் சரக்கு பவுடரில்தான் அதிகம். ஆனால் ஃப்ரன்ட் லோடு என்று போட்ட பவுடராக இருக்கட்டும். கையால் துவைக்கும் பவுடரைப் போட்டால் நுரை மெத்தை மாதிரி நின்று துணியை மோதவிடாது, அலசினாலும் முழுசாகப் போகாது. காலர் பிசுக்கு பச்சைத் தண்ணீரில் இளகாது, 40 டிகிரி வையுங்கள். கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 2000 வாட் ஹீட்டர் அரைமணி நேரம் முழுசாக எரிந்தாலே ஒரு யூனிட்தான்.

ஏற்கெனவே படிந்துபோனதற்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி கரைத்து, துண்டையும் வேட்டியையும் ஒரு மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலசிவிடுங்கள். விறைப்பு ஒரே தடவையில் கையில் தெரியும். பழுப்பு போக மூன்று நான்கு தடவை ஆகலாம். ஜரிகைக் கரை வேட்டியை இதில் போட வேண்டாம். இதே உப்பை ஒரு கைப்பிடி டிரம்மில் போட்டு, துணி இல்லாமல் 60 டிகிரியில் ஓடவிட்டால் ஹீட்டரில் படிந்த சுண்ணாம்பும் கரையும்.

பிளீச் போட்டதும் மஞ்சளானது என்றீர்களே, போர் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் அப்படித்தான் ஆகும். கரைந்திருக்கும் இரும்பைக் குளோரின் பிளீச் துருவாக்கித் துணியில் அப்பிவிடும். பாலியஸ்டர் கலந்த யூனிஃபார்முக்கும் பிளீச் சரிப்படாது. நிறுத்திவிடுங்கள். ஒன்று முக்கியம்: பிளீச்சும் எலுமிச்சை உப்பும் ஒரே வாளியில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைத்துவிடும்.

இப்போது நைட்டி விவகாரம். பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும். அதனால்தான் வேட்டியும் போர்வையும் எத்தனை அடி அடித்தாலும் தாங்கின. ரேயான் நேர் எதிர். நனைந்தால் அதன் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அந்த நிலையில் கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்தால் நூல் அறுந்துபோகாமல் என்ன செய்யும்? உங்கள் நைட்டிகளை வலைப்பையில் போட்டு, மெஷினில் டெலிகேட் செட்டிங்கில், குறைந்த சுழற்சியில் விடுங்கள். முறுக்காமல் உதறி நிழலில் போடுங்கள்.

கைக்கென்று விட வேண்டியவையும் உண்டு. சுங்குடிச் சேலையை முதல் இரண்டு மூன்று தடவை சமையல் உப்பு கரைத்த தண்ணீரில் தனியாக அலசுங்கள். உப்பு சாயத்தை நிலைநிறுத்தாது, அந்த நேரத்துக்குக் கசிவைக் குறைக்கும், அவ்வளவுதான். பட்டுக்கு மெஷின் பக்கமே போக வேண்டாம். சட்டையில் சாம்பார் சிந்தி, சோப்பு பட்டதும் சிவந்தால் பதற வேண்டாம், மஞ்சள் காரத்தில் சிவக்கும். அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள், வெளிறிவிடும்.

காலர் அழுக்கை மெஷினைவிட உங்கள் மாமியார் நன்றாக எடுப்பார். சட்டையை டிரம்முக்குள் போடுமுன் காலரைச் சோப்புப் போட்டு ஒரு தேய் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். நைட்டியை மட்டும் அவர் கண்ணில் காட்டாதீர்கள்.