கணவருக்கு வேலை, மனைவிக்கு விடுமுறை: ஐரோப்பாப் பயணம் – வாசகர் கேள்வி பதில்

ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து இயந்திரம் வாங்கவும் பயிற்சிக்கும் ஜெர்மனி போய்வருபவர்கள் பலர். துணையையும் அழைத்துப்போக நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை.

என் கணவரைக் கம்பெனி மூன்று வாரம் ஸ்டுட்கார்ட் அனுப்புகிறது. புது இயந்திரத்தை அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்கும் வேலை. அவருக்கு பிசினஸ் விசா. நான் வேலைக்குப் போகவில்லை. எனக்கு எந்த விசா? சேர்ந்தே விண்ணப்பிக்கலாமா? – வாசகி, ஓசூர்

சேர்ந்தே விண்ணப்பியுங்கள். ஒரே நாள், ஒரே விசா விண்ணப்ப மையம், அடுத்தடுத்த நேரம் என்று முன்பதிவு செய்தால் இன்னும் நல்லது. இருவருக்கும் ஒரே ஷெங்கன் குறுகிய கால விசாதான் (ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு). நோக்கம் மட்டும் வேறு: அவருக்கு வணிகம், உங்களுக்குச் சுற்றுலா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு. ஆனால் 45 நாள் வரை இழுக்க விதி இடம் தருகிறது. முன்பதிவு நேரம் கிடைப்பதே கோடைக்கு முன்பு கடினம் என்பதால் கம்பெனித் தேதி முடிவானதுமே தொடங்கிவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. ஓசூருக்கு பெங்களூரு பக்கம், ஆனால் முகவரி தமிழ்நாடு. சில நாடுகள் எந்த ஊர் மையத்திலும் விண்ணப்பம் வாங்கும், சில நாடுகள் முகவரிப்படி சென்னைக்குத்தான் போகச் சொல்லும். நேரம் பதியும்போதே அந்த நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் விண்ணப்பம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, இரண்டு கோப்புகளும் ஒரே பயணத்தைச் சொல்லாமல் போவது. அவருடைய அழைப்புக் கடிதத்தில் 21 நாள், உங்கள் ஓட்டல் பதிவில் 25 நாள் என்றிருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். வேலை முடிந்தபின் நான்கு நாள் சொந்தச் செலவில் தங்குவதாக இருந்தால், அதைக் கணவரின் கம்பெனிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்: இந்தத் தேதி வரை வேலை, அதன்பின் சொந்த விடுப்பு, விடுப்பு அனுமதிக்கப்பட்டது என்று.

இரண்டாவது, பெயர். நம் பக்கம் ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், திருமணச் சான்றில் கணவர் பெயர் என்று ஒரே ஆள் மூன்று விதமாக இருப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்றை எடுத்து, இருவர் பாஸ்போர்ட்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சான்று தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வையுங்கள். கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் போதாது.

தனி வருமானம் இல்லாதது குறையே அல்ல. கணவர் செலவை ஏற்கும் கடிதம், அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அவருடைய அழைப்புக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை உங்கள் கோப்பிலும் வையுங்கள். அவர் கோப்பில் இருப்பதால் உங்களுக்கும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

இன்சூரன்ஸிலும் கவனம் தேவை. கம்பெனி பாலிசி ஊழியருக்கு மட்டும்தான். அதுவும் சில சமயம் வேலை நாள் முடிந்ததும் நின்றுவிடும். உங்களுக்குத் தனி பாலிசி, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் வேண்டும். கணவரின் கூடுதல் நாட்களுக்கும் ஒன்று எடுங்கள். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

விசா கைக்கு வந்ததும் செல்லுபடிக் காலத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது தனியாக அச்சிட்டிருக்கும். 40 நாள் செல்லுபடி, 25 நாள் தங்கல் என்றால் உங்களுக்கு 25 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். 2025 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாக வந்த புது எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியே நாளை எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் பதிவாகிவிடும்.

ஓட்டல் அறை ஒருவர் பேருக்கென்று கம்பெனி பதிந்திருக்கும். இருவர் என்று முன்கூட்டியே மாற்றி, கூடுதல் தொகைக்குத் தனி ரசீது கேளுங்கள். கணக்குப் பிரிவோடு பின்னால் வரும் தலைவலி இதில் போய்விடும்.

ஸ்டுட்கார்ட்டில் மூன்று வார வேலை. நடுவில் மூன்று சனி, ஞாயிறு கிடைக்கிறது. பாரிஸ், சுவிஸ், ரோம், லண்டன் நான்கும் முடியுமா? – வாசகர், கிருஷ்ணகிரி

ரோமையும் லண்டனையும் விட்டுவிடுங்கள். ரயிலில் ரோம் போக ஒரு முழுப் பகல் கரைந்துவிடும். லண்டனுக்குத் தனி பிரிட்டிஷ் விசா வேண்டும். அதோடு உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவு மட்டும் என்றால், லண்டன் போனபின் ஜெர்மனிக்குள் திரும்ப முடியாது. ஐந்து நாள் உழைத்த உடம்புக்கு இரண்டு நாளில் 1,000 கிலோமீட்டர் ஓட்டம் தேவையுமில்லை. ஸ்டுட்கார்ட்டையே மையமாக வைத்து, மூன்றரை மணி நேரத்துக்குள் அடையும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே மூன்று நாடு வந்துவிடும்.

பாரிஸுக்கு நேரடி அதிவேக ரயில் உண்டு, மூன்று மணி நேரம் சொச்சம். சனி காலை போய் ஞாயிறு மாலை திரும்பலாம். விலை முன்பதிவைப் பொறுத்தது. விசா வந்த அன்றே எடுங்கள். ஈஃபிள் கோபுர லிஃப்ட் டிக்கெட் சுமார் 60 நாள் முன்பு இணையத்தில் திறக்கும். சனி, ஞாயிறு வேகமாகத் தீரும். கிடைக்காவிட்டால் இரண்டாம் தளம் வரை படியேறலாம்: 674 படி. முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு படிதான். இரும்புச் சட்டங்களின் ஆணி இணைப்பை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு வழியில்லை. லூவ்ரில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. உள்ளே நான்கு மணி நேரமாவது இருக்க முடியாதென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்குப் போங்கள். அங்கு நுழைவு இலவசம்.

சுவிட்சர்லாந்துக்கு ஒரு நாள் போதும், பனிமலையை விட்டுவிட்டால். 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃப்ராயோக் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரமில்லை. மேகம் மூடினால் கொடுத்த பெருந்தொகைக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும். பதிலாக, சிங்கன் வழியாக ஷாஃப்ஹவுசன் போங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பக்கத்திலேயே ரைன் நதி அருவி: 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். ஒகேனக்கல் பரிசலில் அருவிச் சாரலில் நனைந்து பழகியவர்களுக்கு இது பிடித்துப்போகும். இங்கே விசைப்படகு நடுப்பாறை வரை கொண்டுவிடும், படியேறி உச்சியில் நிற்கலாம். பனி உருகும் ஜூன், ஜூலையில் நீர் அதிகம். சுவிஸ் ஷெங்கனில் இருப்பதால் விசா அதே, பணம் மட்டும் பிராங்க்; அட்டை எங்கும் செல்லும். அட்டை இயந்திரம் ரூபாயில் கழிக்கட்டுமா என்று கேட்டால் மறுத்து, அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடும். ஜெர்மன் சிம்மின் ஐரோப்பிய ரோமிங்கில் சுவிஸ் பல திட்டங்களில் சேராது. எல்லை தாண்டுமுன் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது வாரம் ஸ்ட்ராஸ்பூர்க். ஜெர்மன் எல்லை ஊரான கேல் வரை ரயில், அங்கிருந்து டி தட டிராம் ரைன் பாலத்தைத் தாண்டிப் பிரான்ஸுக்குள் கொண்டுவிடும். 142 மீட்டர் தேவாலயமும் அதனுள் இருக்கும் வானியல் கடிகாரமும் பார்க்க வேண்டியவை. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் தொடங்கியது. ரயிலுக்குள்ளும் வந்து கேட்பார்கள்.

ஸ்டுட்கார்ட்டில் வார நாட்களில் கணவர் வேலைக்குப் போனபின் நான் தனியாக வெளியே போகலாமா? தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் தெரியும். – வாசகி, தருமபுரி

தாராளமாக. அந்த ஊர் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் மட்டும் 60 யூரோ அபராதம். தெரியாது என்ற சமாதானம் எடுபடாது. சில ஊர்களில் காகித டிக்கெட்டை நடைமேடைப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தினால்தான் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தினமும் வெளியே போவதாக இருந்தால் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்கள். 2026-இல் மாதம் 63 யூரோ. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும்; அதிவேக ரயிலில் செல்லாது. இது காலண்டர் மாதக் கணக்கு: 20-ஆம் தேதி இறங்குபவர்களுக்கு இரண்டு மாதச் செலவு ஆகலாம், அவர்களுக்கு உள்ளூர் வாரப் பாஸ் மேல். சந்தா முறையானதால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள். ஊர் திரும்பிய பிறகும் காசு கழிவதாக வரும் புகார்களுக்கு இதுதான் காரணம்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து பகல் ரயில் பயணத்துக்கு மூன்று ஊர் சொல்கிறோம். எஸ்லிங்கன் அரை மணி நேரத்துக்குள். மர வீடுகள் உள்ள பழைய ஊர். டூபிங்கன் சுமார் ஒரு மணி நேரம். ஆற்றோரப் பல்கலைக்கழக ஊர். லுட்விக்ஸ்பூர்க் அரண்மனையில் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு என்று பார்த்துப் போங்கள். 1886-இல் காப்புரிமை பெற்ற பென்ஸ் மோட்டார் வண்டியின் கதையிலிருந்து தொடங்கும் ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தைக் கணவருக்காக ஒரு சனிக்கிழமைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஓசூர் வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்பவரை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். திங்கட்கிழமை அது விடுமுறை.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். அரிசி, பால், காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தவறினால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேரும், காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறுங்கள். போன் சார்ஜரின் இரண்டு முள் பிளக் அப்படியே பொருந்தும். லேப்டாப்பின் தடித்த மூன்று முள் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

அழைத்த கம்பெனிக்காரர்களுக்கு எங்கள் தோட்டத்து மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுபோகலாமா? நெய், ராகி மாவு? – வாசகர், காவேரிப்பட்டணம்

மாம்பழம் கூடாது. தாவர நலச் சான்று இல்லாத பழங்களில் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன் ஐந்தை மட்டுமே ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. காரணம் பழ ஈ. அதனால்தான் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்துக்கே அங்கு தடை போட்டு, 2015-இல் நீக்கினார்கள். கறிவேப்பிலைக்கொத்தும் வேண்டாம். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் டப்பா பதப்படுத்தியது, அதைக் கொடுங்கள். திரவம் என்பதால் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். நெய், பால்கோவா, மைசூர்பாகு என்று பால் சேர்ந்த எதுவும் வேண்டாம், கறிக்கும் கருவாட்டுக்கும் விதி வேறு வேறு என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். ராகி மாவு கடை அடைப்பிலேயே இருக்கட்டும், வீட்டில் அரைத்த மாவைப் பையில் கட்டினால் சுங்கத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

ரயில் தாமதமானால் டிக்கெட் பணம் போய்விடுமா? – வாசகர், பாலக்கோடு

போகாது. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டானாலும், சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் ஜெர்மனியில் அந்தக் கட்டுப்பாடு விலகும், வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடம் தாமதித்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். ஆனால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். மலிவு என்று துண்டு துண்டாக வாங்கினால் நடுவில் விட்ட ரயிலுக்கு யாரும் பொறுப்பில்லை. பாரிஸிலிருந்து திரும்பும்போது அன்றைய கடைசி ரயிலை எடுக்காதீர்கள்.

வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே? – வாசகி, ஓசூர்

கிடைக்கும். ஜெர்மனியில் ஒரே ரசீதில் 50 யூரோவுக்கு மேல், பிரான்ஸில் 100-க்கு மேல் வாங்கி, கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். ஓட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் இது கிடையாது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்கலாம் என்பதால், பெட்டியை ஒப்படைக்குமுன் முத்திரை வாங்குங்கள். பொருளைப் பிரிக்காமல் பெட்டியின் மேலாகவே வையுங்கள். சூரிச்சிலிருந்து பெங்களூரு கிளம்புபவர்கள் மட்டும் கவனிக்க: சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஜெர்மன் எல்லையைத் தாண்டும்போதே அங்குள்ள சுங்க அலுவலகத்தில் முத்திரை வாங்கிவிட வேண்டும். சூரிச் விமான நிலையத்தில் ஜெர்மன் படிவத்துக்கு முத்திரை போட மாட்டார்கள்.