வைனில் கடிகாரம் எப்படி ஓடுகிறது? சில கேள்விகள்

கேள்வி: விண்டோஸில், நிரலை 1 மில்லிவினாடி தூங்கவைக்கும் 'ஸ்லீப்(1)' போட்டால் 15 மில்லிவினாடி வரை இழுக்கிறது. அதே நிரல் லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை அங்கே ஓட்ட உதவும் வைன் வழியாக ஓடும்போது 1 மில்லிவினாடியில் எழுந்துவிடுகிறது. வைன் அவ்வளவு வேகமா?

வேகமில்லை, எழுப்புகிற ஆள் வேறு. விண்டோஸின் டிக் (உள்கடிகாரத் துடிப்பு) வழக்கமாக வினாடிக்கு 64 முறை, அதாவது 15.625 மில்லிவினாடிக்கு ஒருமுறை அடிக்கும். தூங்கப் போன நிரல் அடுத்த டிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவசரம் என்றால் 'டைம்பிகின்பீரியட்(1)' அழைத்து டிக்கை நெருக்கிக்கொள்ள வேண்டும். லினக்ஸில் இந்தச் சடங்கே தேவையில்லை; சாதாரண நிரலைக்கூட, கேட்ட நேரத்துக்கு மேல் 50 மைக்ரோவினாடி போல எடுத்துக்கொண்டு கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுப்பிவிடும்.

நல்லதுதானே என்று தோன்றும். சுழலுக்குள் ஸ்லீப்(1) போட்டு, ஒரு சுற்றுக்கு ஓர் அடி நகர்த்தும் பழைய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கை நெருக்காத விண்டோஸில் வினாடிக்கு 64 அடி. வைனில் தொள்ளாயிரத்தைத் தாண்டும். பாத்திரம் நடக்காது, பறக்கும்! தவறு வைனுடையது அல்ல, டிக்கையே அளவுகோலாக நம்பியவருடையது. கழிந்த நேரத்தை அளந்து அதற்கேற்ப நகர்த்தினால் இரண்டிலும் ஒரே ஓட்டம்.

இன்னொன்று. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்கு முன்பு, ஏதோ ஒரு நிரல் டிக்கை நெருக்கினால் எல்லா நிரலுக்கும் அது கிடைத்தது. 'பின்னணியில் பிரவுசர் திறந்திருந்தால் மட்டும் என் நிரல் சரியாக ஓடுகிறது' என்ற விசித்திரப் புகார்கள் அங்கிருந்து வந்தவைதான்.

கேள்வி: அப்படியானால் ஒரு நிரல் மட்டும் வைனிலும் நேரம் 16, 16 ஆகத் தாவுவதாகக் காட்டுகிறதே?

அது 0x7FFE0000 முகவரியில் இருக்கும், எல்லா நிரலும் படிக்கக்கூடிய பகிர்வு நினைவகப் பக்கத்திலிருந்து நேரத்தை எடுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். விண்டோஸில் அந்தப் பக்கத்தைக் கர்னல் நிரப்பும். வைனில் அந்த வேலை, பின்னணியில் ஓடும் வைன்சர்வருடையது. 16 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும்.

கேள்வி: கர்னல் பதிவில் டிஎஸ்சி நிலையற்றது என்று ஒரு வரி வந்தது. அதிலிருந்து எல்லா விளையாட்டும் திக்குகிறது.

டிஎஸ்சி, நேரம் அளக்க உதவும், பிராசசருக்குள்ளேயே இருக்கும் எண்ணி (கவுண்டர்). அதைப் படிக்கக் கர்னலுக்குள் போக வேண்டாம். அதன்மேல் சந்தேகம் வந்தால் கர்னல் பெரும்பாலும் எச்பெட் என்ற வேறொரு வன்பொருள் கடிகாரத்துக்கு மாறிவிடும். அப்புறம் ஒவ்வொரு முறை மணி கேட்கும்போதும் சிஸ்டம் கால் (கர்னலுக்குள் போய்வரும் அழைப்பு), கூடவே வெளியே இருக்கும் வன்பொருளைத் தொட்டு வரும் தாமதம். ஒரு பிரேமுக்குள் ஆயிரம் முறை மணி கேட்கிற விளையாட்டு திக்காமல் என்ன செய்யும்? முதலில் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். டிஎஸ்சியை நம்பச் சொல்லிக் கர்னலை வற்புறுத்தும் குறுக்கு வழி வேண்டாம். கோர்களின் எண்ணிகள் உண்மையிலேயே ஒத்துப்போகாவிட்டால் நேரம் பின்னோக்கிக்கூட ஓடும்.

கேள்வி: 49 நாள் ஓடியபின் என் நிரல் உறைந்துவிடுகிறது. வைனின் பிழையா?

இல்லை. கணினி தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தைச் சொல்லும் 'கெட்டிக்கவுண்ட்' தருவது 32 பிட் மில்லிவினாடி எண். 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும், விண்டோஸிலும் அப்படியே. இரண்டு மதிப்புகளை நேரடியாக ஒப்பிடாமல், குறியற்ற எண்களாகக் கழித்து, கழிந்த நேரத்தைப் பாருங்கள். அல்லது 64 பிட் வடிவத்துக்கு மாறிவிடுங்கள்.