யாருக்கு யாரைக் கண்டால் பயம்?

இணையரின் வன்முறையிலிருந்து உதவி தேடி வரும் எல்ஜிபிடி மக்களுக்கு (தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்) ஆலோசனை தருபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள். இருவர் உடம்பிலும் காயம். இருவருமே ‘அவள்தான் அடித்தாள்’ என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: முதலில் தனித்தனியாகப் பார்த்துப் பேசுங்கள். யார் பலசாலி, யார் ‘ஆண் மாதிரி’ இருக்கிறார் என்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள். இந்தத் தவறு நிறைய நடக்கிறது. காயத்தை எண்ணியும் சொல்ல முடியாது. கழுத்தை நெரிக்கும்போது மூச்சுக்குத் தவிப்பவர் எதிராளியின் கையையும் முகத்தையும் பிறாண்டுவார். கடைசியில் நெரித்தவர் கையில் கீறல் இருக்கும். நெரிபட்டவர் கழுத்தில் ஒரு தடமும் இல்லாமல் போகலாம்.

அதனால் பயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சம்பளம் யார் கையில்? போன் பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்? ‘முடியாது’ என்று சொன்னால் அன்று இரவு என்ன நடக்கும்? என்னிடம் வந்த ஒரு பெண், போன் அதிர்ந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு என் அறைச் சுவரைப் படம் எடுத்து அனுப்பினார். எங்கே இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. ‘ஒரு தடவை நானும் திருப்பி அறைந்தேன், என் மேலும்தான் தப்பு’ என்று அழுததும் அவர்தான்.

கழுத்து நெரிப்பைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். குரல் கம்மியிருந்தாலோ விழுங்கும்போது வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இணையரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல்.

கேள்வி: இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் முன்னால் உண்மையைச் சொன்னதற்கு வீட்டில் அடி விழும்.

கேள்வி: இருபாலீர்ப்புள்ள (ஆண், பெண் இருபாலர்மீதும் ஈர்ப்புள்ள) பெண், இணையர் ஆண். இங்கே அவருடைய ஈர்ப்பைப் பற்றிப் பேச வேண்டுமா?

பதில்: அவர் விரும்பினால் அவசியம் பேசுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2010 கணக்கெடுப்பில், இணையரின் பாலியல் வல்லுறவு, அடி, பின்தொடர்தல் இவற்றில் ஒன்றையாவது வாழ்நாளில் சந்தித்ததாகச் சொன்ன இருபாலீர்ப்புப் பெண்கள் 61 சதவீதம். தன்பாலீர்ப்புப் பெண்களில் இது 44, எதிர்பாலீர்ப்புப் பெண்களில் 35. ‘நீ யாரோடு வேண்டுமானாலும் போவாய்’ என்ற சந்தேகத்தைச் சாக்காக வைத்து அடிப்பவர்கள் உண்டு. அதை நீங்கள் கேட்காவிட்டால் அவராகச் சொல்லமாட்டார்.

கேள்வி: ஒரு திருநம்பியின் (பெண்ணாகக் கருதி வளர்க்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்) ஹார்மோன் ஊசியை இணையர் ஒளித்துவைக்கிறார். ‘நீ திருநம்பி என்று ஆபீசில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டுகிறார். அடி இல்லை. இதையும் வன்முறை என்று சொல்லலாமா?

பதில்: தயங்காமல் சொல்லுங்கள், அந்தத் திருநம்பியிடமும் சொல்லுங்கள். ‘அடிக்கவில்லையே’ என்று அவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார். அப்புறம், அவரை எந்தப் பெயரில் கூப்பிடுவது, வேறு யாராவது போனை எடுத்தால் என்ன சொல்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிரியும் சமயத்தில் ஆபத்து கூடும். ‘உடனே கிளம்பு’ என்று அவசரப்படுத்தாதீர்கள். மருந்து, மருந்துச்சீட்டின் நகல், அடையாள அட்டை எல்லாம் ஒரு பையில், நம்பகமானவர் வீட்டில் இருக்கட்டும். காப்பகம் தேவைப்பட்டால், திருநம்பிகளைச் சேர்ப்பார்களா, எந்த அறையில் தங்கவைப்பார்கள் என்று பெயரைச் சொல்லாமல் நீங்களே முன்கூட்டி விசாரித்துவிடுங்கள். வாசல்வரை போய் அவர் திரும்பி வரக் கூடாது.