0, 3-இன் மடங்கா? தேர்வில் அதையும் சேர்த்து எண்ண வேண்டுமா?

-10 முதல் 10 வரை 3-இன் மடங்குகள் எத்தனை என்பதற்கு 6 என்று போட்டேன், விடை 7 என்கிறார்கள், 0-ஐ எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜிஆர்இ (மேற்படிப்பில் சேர எழுதும் தேர்வு) போல ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விடை 7தான்: -9, -6, -3, 0, 3, 6, 9.

இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனசு வரவில்லை. நான் ஜிஆர்இ-க்குப் படித்தபோது பயிற்சி வகுப்பில் இதே மாதிரி ஒரு கணக்கு. -30 முதல் 30 வரை 7-இன் மடங்குகள் எத்தனை? 9 என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் குனிந்து பார்த்தார். "ஜீரோன்னா ஒண்ணுமே இல்லம்மா, அது எப்படி மடங்காகும்?" என்றார், அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் அழித்து 8 என்று மாற்றினேன். பென்சிலை அழுத்தி எழுதுகிறவள் நான். 8-க்கு அடியில் அந்த 9-இன் தடம் போகவே இல்லை. அப்புறம் மாதிரித் தேர்வில் அதே வகைக் கேள்வி வந்தது. 0-ஐ விட்டுவிட்டு எண்ணினேன், மதிப்பெண் போனது.

அன்றைக்கு ராத்திரிதான் வரையறையை ஒழுங்காகப் படித்தேன். ஒரு முழுவை (குறை எண்கள், 0, மிகை எண்கள் என எல்லாம் சேர்ந்த …, -2, -1, 0, 1, 2, … வரிசையில் ஒன்றை) எந்த முழுவால் பெருக்கினாலும் கிடைப்பது அதன் மடங்கு. 0-வும் ஒரு முழு. 7 × 0 = 0. அவ்வளவுதான். ஜிஆர்இ-யை நடத்தும் ஈடிஎஸ் வெளியிட்ட கணிதக் குறிப்பிலேயே 0 எல்லா முழுக்களுக்கும் மடங்கு என்று நேராகப் போட்டிருக்கிறது. வாய்ப்பாட்டை "ஓரேழு ஏழு" என்று தொடங்கியே பழகியதால், அதற்கு முன்னால் ஒரு படி இருப்பது நமக்குத் தோன்றுவதில்லை.

"அப்படியென்றால் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எல்லாமே 0 ஆகிவிடுமே" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். வராதீர்கள். மீ.சி.ம என்பது பொது மடங்குகளில் மிகச் சிறிய மிகை எண். குறை எண்களையும் சேர்த்தால் சிறியது என்று ஒன்று இருக்கவே இருக்காது. 0 எல்லாவற்றுக்கும் காரணி என்றும் நான் சொல்லவில்லை. அது 0-க்கு மட்டும்தான் காரணி.

எண்ணும் கணக்கைவிட ஒப்பிடும் கணக்கில்தான் இது ஆளைக் கவிழ்க்கும். x என்பது 6-க்கும் 9-க்கும் மடங்கு. x பெரியதா, 12 பெரியதா? உடனே 18 நினைவுக்கு வரும், x பெரியது என்று போடத் தோன்றும். ஆனால் x 0-ஆகவும் இருக்கலாம், -18 ஆகவும் இருக்கலாம். ஆகவே தீர்மானிக்க முடியாது என்பதுதான் விடை. கேள்வியில் 'மிகை' என்று இருந்தால் மட்டும் 0-ஐ விடுங்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. முழு எண்கள் என்றால் 0, 1, 2 என்று போகிறவை. முழுக்கள் என்றால் குறை எண்களும் சேர்ந்தவை. இரண்டையும் ஒன்றாகவே பாவித்துப் பாடம் நடத்துகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். படிக்கிற பிள்ளை எதை வைத்து எண்ணும்?