அம்மோனைட் பொறுக்கும் மகளை மூன்றாம் முறை நீட் எழுதச் சொல்லாதீர்கள்

அரியலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறைக்குப் பயிற்சி மைய விடுதியில் சேர்ப்பதா, அல்லது பெரியப்பா வற்புறுத்துவதுபோல் நிலத்தை அடகு வைத்து வெளிநாட்டுக்கு எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்புவதா என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் கடைசியில், மகள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம் கிடைக்கும் சுருள் கற்களைப் பொறுக்கி வந்து, கழுவி, அளந்து, நோட்டில் படம் வரைந்து பொழுதைக் கழிக்கிறாள் என்று ஒரு குறையையும் சொல்லியிருக்கிறார்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு வழிகளையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. நீங்கள் குறையாக எழுதியதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்கள் ஊர் இருக்கும் நிலம் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. உங்கள் மகள் சேர்த்துவைத்திருப்பவை பெரும்பாலும் அந்தக் கடலில் சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து கல்லாகிப்போன அம்மோனைட்டுகளாக, அதாவது கணவாய்க்கு உறவான உயிரினங்களாக இருக்கும். கண்டகி ஆற்றிலிருந்து வந்து பூஜை அறையில் அமர்ந்திருக்கும் சாளக்கிராமமும் அதே உயிரினக் கூட்டத்தின் புதைபடிவமே. 1860களிலேயே ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இந்தப் பகுதியின் சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் வகைப்படுத்தி, இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடுகளில் விரிவாக எழுதினார். உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் இன்றும் அரியலூரைத் தேடி வருகிறார்கள்.

பரிணாமத்தில் உயிரினங்கள் எப்படிக் கிளைத்துப் பெருகுகின்றன, எப்படி அற்றுப்போகின்றன என்பதற்கு அம்மோனைட்டைப் போலத் தெளிவான சாட்சி குறைவு. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இக்கூட்டம், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் நேர்ந்த பேரழிவில் ஏறக்குறைய முற்றிலும் துடைக்கப்பட்டது. ஆனால் தப்பிய ஓரிரு கிளைகளிலிருந்தே, புவிக் கணக்கில் மிகக் குறுகிய காலத்துக்குள், நூற்றுக்கணக்கான புதிய வடிவங்கள் தோன்றின. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் அதே கதை. உங்கள் ஊர் கடலாக இருந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இறுகச் சுருண்டவை, சுருள் அவிழ்ந்தவை, கோல்போல் நேராக நீண்டவை என்று பல வடிவங்களில் பரவியிருந்த அம்மோனைட்டுகள், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை முடித்த பேரழிவில் அடியோடு மறைந்தன. அவற்றின் தூரத்து உறவான, சுருள் ஓடுள்ள நாட்டிலஸ் மட்டும் இன்றும் ஆழ்கடலில் உயிரோடு இருக்கிறது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை என்பதாலும், கடலின் மேற்பரப்பு மிதவை உயிர்களை நம்பி வாழ்ந்ததாலும் அவை தப்பவில்லை என்றும், பெரிய முட்டையிலிருந்து ஆழத்தில் பொரிக்கும் நாட்டிலஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றும் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யார் பெருகினார்கள் என்பதற்கும் யார் தப்பினார்கள் என்பதற்கும் காரணம் ஒன்றல்ல என்பதை இந்தக் கற்களின் வழியேதான் அறிகிறோம்.

இதைப் படிக்கும் வழி பி.எஸ்சி. ஜியாலஜி. பொறியியலையும் நர்சிங்கையும் பற்றிச் சொல்ல உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இதை மட்டும் சொல்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, உங்களுக்குப் பக்கத்திலேயே திருச்சி நேஷனல் கல்லூரி ஆகியவற்றில் இந்தப் பட்டம் உண்டு. பிறகு ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வில் ஜியாலஜி தாள் இருக்கிறது. எம்.எஸ்சி.க்குப் பின் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயன்டிஸ்ட் தேர்வின் வழியே இந்திய புவியியல் ஆய்வுத் துறையிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் அதிகாரியாகலாம். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் நெட் தேர்வில் புவி அறிவியல் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெறலாம், லக்னோவில் தொல்லுயிர் ஆய்வுக்கென்றே பீர்பால் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது.

அந்த வேலை எப்படியிருக்கும் என்பதையும் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். களிமண் பாறைத் துண்டை ஊறவைத்து, மிக நுண்ணிய சல்லடையில் கழுவி, உலர்த்தி, மிஞ்சும் பொடியைத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஈரமான மெல்லிய தூரிகை நுனியால் மணல் பருமனுள்ள ஃபோராமினிஃபெரா (ஒற்றைச் செல் கடலுயிர்) ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து அடுக்க வேண்டும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவுக்கு முந்தைய பாறைப் படிவில் மிதவை ஃபோராமினிஃபெரா இனங்கள் வரிசையாக நிற்கும்; அடுத்த படிவில் ஒரு சில சிறிய வகைகளே மிஞ்சும். பழைய வகைவளம் திரும்ப ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆயின. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துரப்பணம் எந்தக் காலத்துப் படிவை எட்டியிருக்கிறது என்று சொல்வதும் இதே ஓடுகள்தான். அதனால் எண்ணெய் நிறுவனங்களுக்கும் இந்தக் கண் தேவைப்படுகிறது.

தொல்லுயிரியலுக்கென்றே இருக்கும் பணியிடங்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கையில் இருப்பது ஜியாலஜி பட்டம் என்பதால் நிலத்தடி நீர், சுரங்கம், சிமென்ட் ஆலை, மாநில கனிமவளத் துறை ஆகிய கதவுகளும் திறந்திருக்கும். வெயிலில் அலையும் வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு என்று பெரியப்பா கேட்பார். களப்பணிக்குப் போகும் பெண் அதிகாரிகள் இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள், அந்தக் கேள்விக்கே இடமில்லை.

செலவு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: நிலப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். அவளுக்கே மருத்துவத்தில் நாட்டம் இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூடச் சான்று இல்லை.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் திறந்தவுடன் முதல் விருப்பமாக ஜியாலஜியைப் பதியுங்கள். திருச்சிக் கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் மகள் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் எந்த ஊர், எந்த ஓடை, என்ன நிறப் படிவு, எந்த நாள் எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்டட்டும். எடுத்த இடம் தெரியாத புதைபடிவத்தால் ஆய்வுக்குப் பயன் மிகக் குறைவு. சுரங்கத்துக்குள் அனுமதியின்றி இறங்க வேண்டாம். சாத்தனூர் கல்மரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்க வேண்டாம்.