ரிவால்வரில் ஈயக் குண்டு சிதறினால்

வணக்கம் தம்பி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் உங்கள் .357 ரிவால்வர் செம்பு உறைக் குண்டை ஒரே இடத்தில் குவிக்கிறது, வார்த்த ஈயக் குண்டு மட்டும் சிதறுகிறது, பேரல் துவக்கத்தில் ஈயம் ஒட்டுகிறது என்கிறீர்கள். அங்கே ஒட்டினால் பெரும்பாலும் அளவுக் கோளாறுதான். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் ஒட்டியிருந்தால் குண்டில் பூசிய மெழுகைச் சந்தேகிக்கலாம்.

வெடிமருந்தை மாற்றும் முன் இதைப் பாருங்கள். துப்பாக்கி காலி என்று உறுதி செய்துவிட்டு சிலிண்டரைக் கழற்றி, ஒவ்வொரு தோட்டா அறையின் முன்வாயிலும் (அறைவாய்) ஒரு குண்டை வைத்து அழுத்துங்கள். இறுக்கமாக நகர வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சிறியது. நுழையவே மறுத்தால் அறைவாய் சிறியது: சுடும்போது குண்டைப் பிழிந்து சிறுக்க வைக்கும், ஓரத்தில் வாயு கசிந்து ஈயத்தை அரிக்கும். ஈயத்தைக் கெட்டியாக்கினால் எல்லாம் சரியாகும் என்பார்கள், நான் நம்புவதில்லை.

அப்புறம், எண்ணெய் தடவிய பேரலில் மென் ஈயத் துண்டைத் தள்ளி எடுத்து அளந்து பாருங்கள். 0.357 அங்குலம் என்றால் அறைவாய் 0.358 இருப்பது நல்லது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் என்றால் பேரலின் உள்ளே சுழல் பள்ளம் ஐந்து, ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருக்காது, அதனால் சாதாரண மைக்ரோமீட்டர் ஏமாற்றும். பேரலைத் துப்பாக்கிச் சட்டத்தில் திருகிப் பொருத்திய இடத்தில் துண்டு திடீரென்று இறுகுகிறதா என்றும் கவனியுங்கள்.

அறைவாயை விரிக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். டர்பன் பக்கம் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.