சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி நடுவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? தரவரிசையில் முதலில் இருப்பவருக்குத்தானே கிடைக்க வேண்டும்? இங்கிலாந்தின் மைக்கேல் ஆலிவர் போன்றவர்களுக்கு ஏன் வரவில்லை?

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படி இல்லை. டென்னிஸ் வீரர்களுக்கு இருப்பது போல ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளியே ஒட்டிவைக்கும் பட்டியல் நடுவர்களுக்குக் கிடையாது. ஆண்டுதோறும் 'உலகின் சிறந்த நடுவர்' என்று செய்தியில் வருகிறதே, அது கால்பந்துப் புள்ளிவிவர அமைப்பு ஒன்று வாக்கெடுத்து வெளியிடுவது. சாம்பியன்ஸ் லீகை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அதைப் பார்த்து யாருக்கும் ஆட்டம் கொடுப்பதில்லை.

யூஃபாவிடம் இருப்பவை பிரிவுகள். ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் பரிந்துரைக்கும் நடுவர்கள் ஜனவரி முதல் தேதி ஃபிஃபா பட்டியலில் சேர்கிறார்கள். ஐரோப்பிய ஆண்கள் கால்பந்தில் புதிதாக வருபவர் இரண்டாம் பிரிவில் தொடங்குவார். அங்கே இளையோர் ஆட்டங்களும், ஜூலை மாதத்தில் பெயர் தெரியாத ஊர்களில் நடக்கும் தகுதிச் சுற்றுகளும்தான் கிடைக்கும். அதற்கு மேல் முதல் பிரிவு. உச்சியில் எலைட் பிரிவு, அதில் சுமார் முப்பது பேர். சாம்பியன்ஸ் லீகின் பெரிய ஆட்டங்களெல்லாம் இவர்களுக்குள்தான் சுற்றும். ஏற்றுவதும் இறக்குவதும் நடுவர் குழுவின் வேலை. 2010 முதல் பியர்லூஜி கொலினா தலைமை நடுவர் அலுவலராக இருந்தார். 2018 முதல் அந்தப் பொறுப்பு ராபர்ட்டோ ரொசெட்டியிடம் இருக்கிறது. இருவருமே இத்தாலியர், இருவருமே விசில் ஊதியவர்கள்.

எதை வைத்து ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள்? ஒவ்வொரு ஆட்டத்திலும் மேலே இருக்கையில் ஒரு மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற நடுவர். பத்துக்கு மதிப்பெண் போடுவார். நெடுநாளாகப் புழங்கும் அளவுகோலில், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த நடுவருக்கு 8.3 அல்லது 8.4 கிடைக்கும். ஒன்பதைத் தொடுவது அபூர்வம். ஆனால் தெளிவான, முக்கியமான தவறு ஒன்று நடந்துவிட்டால், மற்ற 89 நிமிடங்களும் பிரமாதமாக இருந்தாலும் மதிப்பெண் எட்டுக்குக் கீழே, 7.9க்கு வந்துவிடும். நல்ல நடுவருக்கும் சறுக்கியவருக்கும் இடையே தசம புள்ளிதான் வித்தியாசம். ஆட்டம் எவ்வளவு கடினமானது என்பதும் கணக்கில் வரும். சண்டைக்கோழிகளாய் மோதும் இரண்டு அணிகளை அடக்கி நடத்தியவரையும், முதல் பாதியிலேயே 4-0 ஆகிவிட்ட ஆட்டத்தை நடத்தியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாதல்லவா.

இந்த மதிப்பீட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. கல்லூரி ஆட்டங்களுக்குச் சில ஆண்டுகள் விசில் ஊதியவன் நான். ஒருமுறை பெனால்டி கொடுத்தேன், சரியான பெனால்டி, தோற்ற அணிகூட மறுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கள் மூத்த நடுவர் ஒருவர் அழைத்து, "முடிவு சரி தம்பி. ஆனால் முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்தீர்கள். அடுத்த முறை அங்கிருந்து தெரியாது" என்றார். பாராட்டை எதிர்பார்த்துப் போனவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். மேல்மட்டத்திலும் இதே பார்வைதான்: முடிவு சரியா என்பதோடு, அதை எங்கே நின்று எடுத்தாய் என்பதையும் கேட்பார்கள்.

நிற்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர உடம்பு வேண்டும். ஃபிஃபா உடற்தகுதித் தேர்வில் முதலில் 40 மீட்டர் விரைவோட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 விநாடிக்குள். பிறகு 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடக்க வேண்டும். இதையே நாற்பது முறை. கேட்க எளிதாக இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மைதானத்தில் முயன்று பார்த்தேன். அப்போது எனக்கு 32 வயது, நண்பர் கைபேசியில் நேரம் பார்த்தார். விரைவோட்டத்தில் நான்காவது முறையே ஏழு விநாடியைத் தாண்டிவிட்டது. அடுத்த பகுதியில் பன்னிரண்டாவது சுற்றோடு கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இன்னும் இருபத்தெட்டு பாக்கி. தொலைக்காட்சியில் நடுவரைத் திட்டுவதை அன்றோடு பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

மதிப்பெண்ணும் உடற்தகுதியும் உள்ளவர்கள் எலைட் பிரிவிலேயே பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். அவர்களில் ஒருவரை இறுதிப்போட்டிக்கு எப்படி எடுக்கிறார்கள்? எழுதப்படாத வழக்கங்கள் வேலை செய்வது இங்கேதான். பழைய நியமனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, ஒத்திகை. யூஃபா சூப்பர் கோப்பை என்று ஆகஸ்டில் ஓர் ஆட்டம் நடக்கும், ரசிகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நடுவர்களைப் பொறுத்தவரை அது பெண் பார்க்கும் படலம் மாதிரி. 2014 சூப்பர் கோப்பையை நடத்திய இங்கிலாந்தின் மார்க் கிளாட்டன்பர்க்குக்கு 2016 சாம்பியன்ஸ் லீக் இறுதி. 2016இல் நடத்திய செர்பியாவின் மிலோராட் மாஜிச்சுக்கு 2018 இறுதி. 2018இல் நடத்திய போலந்தின் ஷிமோன் மார்சினியாக்குக்கு 2023 இறுதி. சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலைப் போட்டியான ஐரோப்பா லீகின் இறுதியும் அப்படித்தான்: ஸ்லோவேனியாவின் ஸ்லாவ்கோ விஞ்சிச் 2022இல் அதை நடத்தினார், 2024இல் பெரியது வந்தது. ருமேனியாவின் இஸ்துவான் கோவாச் 2022இல் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக், 2024இல் ஐரோப்பா லீக், 2025இல் சாம்பியன்ஸ் லீக் என்று மூன்று இறுதிகளையும் படிப்படியாக ஏறினார்.

இரண்டாவது, ஒருவருக்கு ஒருமுறைதான். சாம்பியன்ஸ் லீக் என்ற பெயர் வந்த பிறகு, 1993 முதல் 2025 வரை, அதன் இறுதியை எவரும் இரண்டு முறை நடத்தியதில்லை. அதற்கு முந்தைய ஐரோப்பியக் கோப்பைக் காலத்தில் அப்படி இல்லை. ஹங்கேரியின் காரொய் பலோதாய் 1976, 1981 இரண்டையும் நடத்தியிருக்கிறார். (1964 ஒலிம்பிக்கில் கால்பந்து வீரராகத் தங்கம் வென்றவர் அவர். விளையாடத் தெரியாதவன்தான் நடுவராகிறான் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.) ஆகவே ஏற்கெனவே இறுதியை நடத்திவிட்டவர் எவ்வளவு நல்ல ஃபார்மில் இருந்தாலும் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறார். சிறந்தவர் யார் என்ற கேள்வி போய், யாருடைய முறை என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இனி ஆலிவர். இதற்குப் பதில் கடவுச்சீட்டில் இருக்கிறது. மோதும் இரண்டு அணிகளின் நாட்டைச் சேர்ந்தவர் நடுவராக முடியாது. நியாயமான விதிதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கிளாட்டன்பர்க்கின் 2016க்குப் பிறகு 2025 வரை நடந்த ஒன்பது இறுதிகளில் ஐந்தில், அதாவது 2018, 2019, 2021, 2022, 2023 ஆண்டுகளில், இங்கிலாந்து அணி இருந்தது. ஆலிவருக்கும் ஆண்டனி டெய்லருக்கும் அந்த ஐந்து கதவுகளும் தாமாகவே மூடின. மிச்சம் நான்கு, அவை ஜெர்மனி, இத்தாலி, ஸ்லோவேனியா, ருமேனியா நடுவர்களுக்குப் போயின.

ஸ்பெயினின் கதை இதைவிட மோசம். 2005இல் இஸ்தான்புல் இறுதியை மெஹூத்தோ கொன்சாலஸ் நடத்தினார். அடுத்த ஸ்பானிய நடுவர் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின, 2021இல் மாத்தேயு லாஹோஸ். இடைப்பட்ட பதினைந்து இறுதிகளில் எட்டில் பார்சிலோனாவோ ரியல் மாட்ரிட்டோ அட்லெட்டிகோவோ இருந்தன. மறுபக்கம் ஸ்லோவேனியா: இருபது லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை, சாம்பியன்ஸ் லீக் இறுதியை எட்டிப் பார்த்திராத கிளப்புகள். ஆனால் 2019இல் டாமிர் ஸ்கோமினா, 2024இல் விஞ்சிச் என்று ஆறு ஆண்டுக்குள் இரண்டு நடுவர்கள். அவர்களுடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் நாட்டுக் கிளப்புகள் குறுக்கே வருவதில்லை என்பதும் உண்மை.

நாடுகளுக்கிடையேயான போட்டிகளில் இது இன்னும் கொடுமை, ஏனென்றால் நடுவர் தன் நாட்டின் தோல்விக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளுக்கான 2024 யூரோ கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் ஃப்ரான்சுவா லெடெக்ஸியே, வயது 35, காலிறுதிக்கு முந்தைய சுற்றில் ஸ்பெயின்-ஜார்ஜியா ஆட்டத்தை நடத்தினார். ஜூலை 9 அன்று அரையிறுதியில் பிரான்ஸ் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றது. அன்றிரவு பிரான்ஸே துக்கத்தில் இருந்திருக்கும். அதே தோல்விதான் ஜூலை 14 பெர்லின் இறுதிக்கான விசிலை அவர் கையில் கொடுத்தது. பிரான்ஸ் வென்றிருந்தால் அந்த ஆட்டம் அவருக்கு இல்லை. 2002இல் இத்தாலி தென்கொரியாவிடம் தோற்று வெளியேறாமல் இறுதிவரை போயிருந்தால், கொலினாவுக்கு உலகக் கோப்பை இறுதி வந்திருக்காது.

ஒரு தவறு எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு ஃபெலிக்ஸ் பிரிக். 2017 சாம்பியன்ஸ் லீக் இறுதியை நடத்திய ஜெர்மானியர். 2018 உலகக் கோப்பையில் செர்பியா-சுவிட்சர்லாந்து ஆட்டம் 1-1 என்று இருந்தபோது, செர்பிய வீரர் மித்ரோவிச்சை இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் பிடித்துக் கீழே சாய்த்தார்கள். பெனால்டி இல்லை, பிரிக் அவருக்கு எதிராகவே ஃபிரீ கிக் கொடுத்தார். அந்த உலகக் கோப்பையில் நடுவராக அவருக்கு அது ஒன்றுதான் ஆட்டம். மூன்று ஆண்டு கழித்து நடந்த யூரோவில் ஐந்து ஆட்டங்கள் நடத்தினார், அரையிறுதி உட்பட. இறுதி மட்டும் நெதர்லாந்தின் பியோர்ன் குய்பர்ஸுக்குப் போனது. குய்பர்ஸுக்கும் வழி விட்டது அவர் நாட்டு அணிதான், காலிறுதிக்கு முன்பே செக் அணியிடம் தோற்று.

ஆகவே ஆலிவருக்கு ஏன் வரவில்லை என்று யூஃபாவிடம் கேட்பதைவிட, லிவர்பூலிடமும் மான்செஸ்டர் சிட்டியிடமும் செல்சியிடமும் கேட்பதுதான் பொருத்தம். நான் ஒவ்வோர் ஏப்ரலிலும் செய்வது இது: அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளின் நாடுகளை அடித்துவிடுவேன், ஏற்கெனவே இறுதியை நடத்தியவர்களை அடித்துவிடுவேன், சூப்பர் கோப்பையோ ஐரோப்பா லீக் இறுதியோ நடத்தியவர்களை வட்டமிடுவேன். தாளில் இரண்டு மூன்று பெயர்கள்தான் மிஞ்சும். 2025இல் வட்டத்துக்குள் கோவாச் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு நான் பந்தயம் வைத்தது வேறொருவர் மீது; நண்பருக்கு இரண்டு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.